மல்லப்பன் வந்துபோன மறுநாள்

விஜயநகர், மைசூர்
17.2.1997, திங்கள்

மாமாவுக்கு உமா எழுதுவது. நானும் மனிஷாவும் நலம். எழுதத் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். நீங்கள் மங்களூர் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. மூன்று முறை கடிதம் ஆரம்பித்தேன், மூன்று முறையும் இவள் மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் வேறு. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார்கள், எனக்குத்தான் நம்பிக்கை வருவதில்லை. நீங்கள் வைத்துவிட்டுப் போன பெயிண்ட் தின்னர் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஏற்றிய பிறகும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் ஏறிப் பார்க்கிறேன்.

நீங்கள் புதுப்பித்துத் தர ஒத்துக்கொண்ட படகு பக்கத்துக் காலி மனையில் விட்டபடியே இருக்கிறது. செலுவநாராயணன் சார் நேற்று வாக்கிங் வரும்போது தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "வாங்கின வருஷம் மயில் கழுத்து மாதிரி இருந்ததும்மா. இப்போ பாரு, சுண்ணாம்பு அடிச்ச சுவர்" என்று கையால் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை என்னிடம் நீட்டினார், நான்தான் பூசி வைத்ததுபோல. யுகாதிக்குக் கபினி அணையில் இறக்க வேண்டுமாம். அமெரிக்காவிலிருந்து மகள் குடும்பத்தோடு வருகிறாளாம். "உன் வீட்டுக்காரர் ஒத்துண்டுட்டு ஊரை விட்டே போயிட்டாரே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னால்தான் எனக்கு அதிகமாக உறைக்கிறது.

ஒன்று கேட்கிறேன், நீங்களும் சிரிக்காதீர்கள். அதை நான் தேய்த்தால் என்ன? பகலில் இவள் தூங்கும் இரண்டு மணி நேரம் சும்மாதான் இருக்கிறேன். கெமிஸ்ட்ரி படித்தது இதுவரை சோடா உப்பு வாங்கத்தான் உதவியிருக்கிறது. எப்படி என்று எழுதுங்கள். எழுதியபடியே செய்வேன்.

உமா


மங்களூர்
22.2.97

உமாவுக்கு,

சிரிக்கவில்லை. செய். ஆனால் நான் சொல்கிறபடி.

முதலில் ஒன்று தெரிந்துகொள். படகின் மேலே இருக்கும் நீலம் பெயிண்ட் இல்லை, ஜெல் கோட். அச்சில் முதலில் அதைப் பூசி, அதன்மேல்தான் ஃபைபர் வைத்துக் கட்டுவோம். அரை மில்லிமீட்டர் கனம். இருபது வருஷத்துப் படகில் அதுவும் இருக்காது. வெயிலில் செத்தது மேல்தோல் மட்டும். அதை எடுத்தால் அடியில் நல்ல நீலம் இருக்கிறது. ஆசைப்பட்டு இன்னும் எடுத்தால் அதுவும் போய்விடும், நார் தெரியும்.

சோப்புத் தண்ணீரில் கழுவு. பிறகு வாட்டர் பேப்பர், அதுதான் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்: அறுநூறு நம்பர், எண்ணூறு, ஆயிரம், இந்த வரிசையில். கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும், உலர்ந்த தூசி குழந்தை மூச்சில் போகக் கூடாது. ஒவ்வொரு பேப்பருக்கு முன்பும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொள். கோடு மறைந்த இடத்தில் கையை எடுத்துவிடு. இதுதான் எங்கள் ஆட்களுக்கு நான் சொல்கிற ஒரே பாடம்.

மல்லப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். பளபளப்புக்குக் காம்பவுண்டுப் பசை தேய்ப்பதும் மெழுகு போடுவதும் அவன் வேலை. ஒரு நல்ல செய்தி. ஏப்ரலிலிருந்து இங்கே மங்களூர்ப் படகுப் பட்டறையில் ஜெல் கோட்டுக்கு நிரந்தரமாக ஓர் ஆள் எடுக்கிறார்கள். அவன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். மைசூர்ப் பட்டறையில் ஏழு வருஷமாகத் தற்காலிகம் தற்காலிகம் என்றே வைத்திருக்கிறார்கள் அவனை. போனில் சொன்னேன். அவன் பெண்டாட்டி இப்போதே பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாளாம்.

மனிஷாவுக்கு முத்தம்.

ரத்தினவேல்


மைசூர்
5.3.1997

மாமாவுக்கு,

இடது பக்கம் முழுவதும் நானே முடித்துவிட்டேன். நீங்கள் சொன்ன பென்சில் கோடு ஒவ்வொன்றாக மறைவதைப் பார்க்க ஒரு சந்தோஷமாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஆரம்பித்து நானே முடித்த வேலை இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றினால் உண்மையாகவே மயில் கழுத்துதான்.

ஒரு சங்கடமான விஷயமும் சொல்ல வேண்டும். வலது பக்கத்தில், முன்னால் வளையும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீலம் போய்விட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மல்லப்பன் வந்து வலது பக்கம் முழுக்க அவரே தேய்த்தார். மல்லப்பன் வந்துபோன மறுநாள் பார்த்தேன், இப்படி இருந்தது. யாரிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சார் வந்தபோது இடது பக்கத்தை மட்டும் காட்டி, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டேன்.

மனிஷாவுக்கு இருமல் இல்லை. கஞ்சி குடிக்கிறாள்.

உமா


மங்களூர்
10.3.97

உமாவுக்கு,

உன் கடிதத்தை நேற்று மூன்று தடவை படித்தேன். வளைவில் கட்டையைச் சாய்த்துப் பிடித்தால் ஒரே இடத்தில் அழுத்தம் விழும் என்பது புதிதாக வருகிறவனுக்குக்கூடத் தெரியும். ஏழு வருஷக் கை.

மைசூர்ப் பட்டறைக்கு போன் போட்டு அவனையே கூப்பிடச் சொன்னேன். "வளைவுல நார் தெரியற அளவுக்குத் தேய்ச்சியாடா?" என்று கேட்டேன். "இருக்கலாம் சார்" என்கிறான். இருக்கலாமாம். அதற்குமேல் என்ன கேட்பது, வைத்துவிட்டேன்.

மேனேஜரிடம் மல்லப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாசனிலிருந்து கரியப்பன் என்று ஒருவனை எடுக்கிறார்கள். இங்கே செய்வதெல்லாம் கடலுக்குப் போகிற படகு. என் பெயரைச் சொல்லி உள்ளே வருகிறவன் இப்படிச் செய்தால் என்னை யார் மதிப்பார்கள்?

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அந்த இடத்தைத் தொடாமல் வை. புது ஜெல் கோட் வைத்து அடைக்க வேண்டும்.

ரத்தினவேல்


மைசூர்
15.3.1997

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மேனேஜரிடம் திரும்பச் சொல்ல முடியாதா? கை என்றால் எல்லோருக்கும் ஒருமுறை தவறத்தான் செய்யும். அவர் மனைவி மூட்டை கட்டுவதாக நீங்கள்தானே எழுதினீர்கள். உள்ளங்கை அகலம் என்று எழுதினேன், சரியாக அளந்தால் அவ்வளவுகூட இருக்காது. கொஞ்சம் யோசியுங்கள்.

வேறு செய்தி இல்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது.

உமா


மங்களூர்
19.3.97

உமாவுக்கு,

உனக்கு இளகின மனசு. ஆனால் இரக்கத்துக்கு வேலை கொடுக்க முடியாது. கரியப்பனுக்கு ஆர்டர் போய்விட்டது. நீ எழுதியதை வைத்துத்தான் நான் முடிவு செய்தேன். இப்போது நீயே வந்து அவனுக்காகப் பேசினால் நான் என்ன செய்யட்டும்? இந்தப் பேச்சை இதோடு விடு.

ரத்தினவேல்


மைசூர்
28.3.1997

மாமாவுக்கு,

இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

அந்த இடத்தைத் தேய்த்தது மல்லப்பன் இல்லை. நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லப்பன் வலது பக்கத்தை ஒரு குறையும் இல்லாமல் முடித்தார். அவருக்குச் சாப்பாடு எடுக்க நான் உள்ளே போன நேரத்தில் மனிஷா என் சிவப்புப் பேனாவைக் கொண்டுபோய் முன் வளைவில் கிறுக்கிவிட்டாள். பெரிய வட்டம், வட்டத்துக்குள் வட்டம். நான் வந்து பார்த்ததும் அவளை அடித்தேன். கன்னத்தில், விரல் பதியும்படி. இரண்டாவது முறையும் கை ஓங்கினேன். மல்லப்பன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். "விடுங்க அக்கா, பேனாதானே. தின்னரைத் துணியில தொட்டுத் துடைங்க, ஓடிப்போயிடும். தேய்க்க மட்டும் பேடா, வேண்டாம்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் தின்னரை இறக்கப் பரணில் ஏறினேன். பாட்டிலைக் கையில் எடுத்ததும் பயம் வந்துவிட்டது. இவள் காலடியிலேயே சுற்றுகிறாள், ஒரு துளி வாயில் போனால் என்ன செய்வேன்? திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன். அடுத்த நாள் காலையில் சார் பார்க்க வருவதாக இருந்தது. பேனாக் கோட்டை அவர் பார்த்தால், ஒரு பிள்ளையை அடக்கி வைக்கத் தெரியாதவள் என்று நினைப்பார். இது ஒன்றுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வாட்டர் பேப்பரை எடுத்தேன்.

கோடு மறைந்ததும் கையை எடு என்று எழுதியிருந்தீர்கள். சிவப்பு மறையவில்லை. வெயிலில் பொரிந்த இடத்தில் மை உள்ளே இறங்கியிருந்தது. மறையும் வரை என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். மறைந்தது. அப்போது நீலமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பொய் எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன், அதுதான் இன்னும் கேவலம். மல்லப்பன் வந்தது உண்மை. வலது பக்கம் அவர் தேய்த்தது உண்மை. மறுநாள் நான் பார்த்தது உண்மை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், மிச்சத்தை நீங்கள் செய்துகொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அவரை வேலையிலிருந்து தள்ள வேண்டும் என்று நினைக்கவில்லை. நீங்கள் நாலு வார்த்தை திட்டுவீர்கள், அதோடு போய்விடும் என்று நினைத்தேன். திட்டு அவருக்குப் போகட்டும் என்றுதானே அதற்கும் அர்த்தம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பெரிய மனசுக்காரி மாதிரி அவருக்குச் சிபாரிசு எழுதினேன்.

போன ஞாயிறு, இருபத்து மூன்றாம் தேதி, அவர் வந்தார். இடம் போன பிறகு வரமாட்டார் என்றுதான் இருந்தேன். மெழுகு டப்பாவோடு வந்து நிற்கிறார். "யுகாதிக்குன்னு சாருக்கு ஒத்துக்கிட்டமே" என்றார். ஒரு மணி நேரம் நான் வெளியே வரவில்லை. பிறகு போய், "அவர் கேட்டபோது ஏன் இல்லைன்னு சொல்லல?" என்றேன். அவர் மெழுகைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இல்லைன்னா, அப்ப யாருன்னு அடுத்த கேள்வி வரும் அக்கா. பாப்பா பேர் வரும். அன்னிக்கு ஒரு அறை பார்த்தேன், இன்னொண்ணு விழ வேண்டாம்."

"நான்னு சொல்லியிருக்கலாமே."

"நீங்க சாருக்கு எழுதினப்புறம் நான் வேற சொன்னா, வீட்டுக்குள்ள சண்டை. என்னை நம்பாட்டி ஒரு வேலை போகும். உங்களை நம்பாட்டி சார் எங்க போவாரு?"

இதைக் கேட்டுவிட்டும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

மனிஷா அன்றிலிருந்து நான் கையைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறாள். தலைவாரக் கை தூக்கினாலும்.

இனி நீங்கள் என்ன எழுதினாலும் சரி.

உமா


மங்களூர்
3.4.97

உமாவுக்கு,

இரண்டு நாள் உனக்கு எழுதக் கை வரவில்லை. முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் இருந்ததெல்லாம் உனக்கு ஏற்கனவே தெரியும்.

கரியப்பன் ஒன்றாம் தேதி குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான். அவனை அனுப்ப முடியாது, அவன் என்ன செய்தான்? மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். "உங்க வீட்டு சமாச்சாரத்துக்கெல்லாம் நான் ஆள் மாத்திட்டு இருக்கணுமா ரத்தினவேல்?" என்று ஆட்கள் முன்னால் கேட்டார். கேட்க வேண்டியதுதான். ஜூனில் இன்னொரு இடம் வரலாம் என்கிறார். வரலாம், அவ்வளவுதான்.

என் பங்கையும் சொல்கிறேன். நான் போனில் மல்லப்பனிடம் கேட்டது கேள்வியே இல்லை. முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். ஏழு வருஷம் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவன், அவன் கையை எனக்குத் தெரியும். தெரிந்தும், நீ எழுதிவிட்டாய் என்றதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். "இருக்கலாம் சார்" என்றானே, அப்படிப் பேசுகிறவனே இல்லை அவன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் நான் அவனுக்கு எழுதப் போவதில்லை. நான் எழுதினால் அது உனக்கு வசதியாகப் போய்விடும். மேட்டகள்ளிக்கு நீயே போ. அவன் வீட்டில் போய்ச் சொல். சாரிடமும் சொல். ஜூன் விஷயத்தையும் சொல், வாக்குறுதி மாதிரிச் சொல்லாதே.

குழந்தையை அடிக்காதே.

ரத்தினவேல்


மைசூர்
13.4.1997, ஞாயிறு

மாமாவுக்கு,

போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆறாம் தேதி, மனிஷாவையும் தூக்கிக்கொண்டு. மல்லப்பன் வீட்டில் இல்லை, அவர் மனைவிதான் இருந்தார். பாத்திர மூட்டை இரண்டும் இன்னும் மூலையில் கட்டியபடியே இருக்கின்றன. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மங்களூர் இடம் திரும்பக் கிடைத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மனிஷாவுக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். வழியெல்லாம் கன்னடத்தில் சொல்லிப் பார்த்து வந்ததில் பாதி மறந்துவிட்டது. தெரிந்த வார்த்தைகளைப் போட்டு, படகைத் தேய்த்துக் கெடுத்தது நான், உங்கள் வீட்டுக்காரர் இல்லை என்று சொன்னேன்.

அவர் மூலையில் இருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "என்கிட்டயும் என் கைதான் தப்புன்னு சொன்னாரு. மூணு வாரமா நான் அவரைத் திட்டித் திட்டிச் சோறு போட்டேன்."

அவ்வளவுதான். உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்பதற்குக் கன்னடத்தில் எனக்குத் தெரிந்தது பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற வார்த்தைதான். அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மல்லப்பனே வந்தார். வீட்டுக்கு வந்ததைப் பற்றிப் பேசவில்லை. டப்பாவில் நீலம் கலந்து, கொஞ்சம் வெள்ளை, ஒரு சொட்டுக் கறுப்பு என்று விட்டு விட்டு, ஒரு துண்டு ஃபைபரில் தடவி வெயிலில் காயவைத்துப் பார்த்தார். ஆறு தடவை. ஏழாவதுதான் வளைவில் போட்டார். புது நீலம் தனியாகத் தெரியத்தான் செய்கிறது, தெரிந்து பார்த்தால்.

யுகாதிக்கு முந்தின அந்த சாயங்காலம் சார் வந்தார். மல்லப்பன் இருக்கும்போதே அவரிடம் சொன்னேன். பேனா, அடி, தேய்த்தது, தார்ப்பாய் மூடியது, மல்லப்பன் பெயர் போனது எல்லாம். சார் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "குழந்தை கிறுக்கினதுக்கா இவ்வளவு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வட்டத்தோடயே தண்ணியில விட்டிருப்பேனே. என் பேத்தி வந்து இன்னும் ரெண்டு போட்டிருப்பா" என்றார். பிறகு மல்லப்பன் பக்கம் திரும்பி, "நான் உன்னைப் பத்தி நாலு பேர்கிட்ட மோசமா ஒண்ணும் சொல்லலைப்பா, எனக்கே தெரியாது" என்றார். மல்லப்பன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். படகு யுகாதி அன்று போய்விட்டது. மனை காலியாகக் கிடக்கிறது.

நான் அடிக்கவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடுவது இன்னும் நிற்கவில்லை.

மேலே இருப்பதைக் காலையில் எழுதினேன். இப்போது மல்லப்பன் உங்கள் கட்டைகளையும் மீதி பேப்பரையும் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். பட்டறையை விட்டுவிட்டாராம். கார் பெயிண்ட் அடிக்கிற ஒரு ஷெட்டில் சேர்ந்து நாலு நாள் ஆகிறது. ஜூன் விஷயத்தைச் சொன்னேன். வரலாம், நிச்சயமில்லை என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு, "சாருக்கு எழுதறீங்களா? அப்ப நான் சொல்றதையும் எழுதுங்க" என்றார். அவர் சொன்னது இது:

'படகைத் தேய்த்துக் கெடுத்தது மல்லப்பன் இல்லை. ஜூனில் இடம் வந்தால் வருகிறேனா இல்லையா என்று சார் என்னிடம் கேட்கட்டும். வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.'

அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது, அதனால் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் கடைசியில் 'வருத்தத்துடன்' என்று சேர்த்திருந்தேன். "அது நான் சொல்லலையே" என்றார். அடித்துவிட்டேன். அந்த அடித்தல் கீழே இருப்பதுதான்.

~~வருத்தத்துடன்~~

போகிற வழியில் தானே தபால்பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். கவரை ஒட்டிக் கொடுக்கப் பசையை எடுத்தேன். "ஒட்ட பேடா அக்கா, அப்படியே கொடுங்க" என்றார். அந்த ஷெட்டில் கொள்ளேகால்காரர் ஒருவர் இருக்கிறாராம், சித்தையன் என்று பெயர், தமிழ் நன்றாகப் படிப்பாராம். நாளைக்கு அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு ஒட்டிப் போடுகிறாராம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மேலே எழுதியதையெல்லாம் எனக்குத் தெரியாத ஒரு மனிதர் சத்தமாகப் படிக்கப் போகிறார். வேறு தாளில் அவருடையதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் நிற்கிறார். இந்தக் கடிதம் உங்களுக்கு ஒரு நாள் தாமதமாக வரும்.

உமா